கம்பம் நிக்கட்டும்

போட்டி தொடங்கிய சனிக்கிழமை காலையில் மார்ட்டினுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. களத்து ஓரம் நட்டிருந்த இரும்புக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். அது சாயாமல் பிடித்திருந்த இழுகயிறுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்த்தான். எல்லாம் நேற்றுச் சாயங்காலம் இழுத்துப் பார்த்தவைதான். கல்யாணம், சாவு, கோயில் விசேஷம் என்று ஊர் ஊராகப் போய் மைக் செட் கட்டுகிறவன் அவன். புளியமரத்து உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு அதற்கு அடியிலேயே துண்டை விரித்துத் தூங்குகிற ஆள். அப்பேர்ப்பட்டவனுக்கு அன்றைக்கு ஒரு முடிச்சின் மேலும் நம்பிக்கை வரவில்லை.

"ஏன்டா மார்ட்டினு, அந்தக் கம்பத்தையே சுத்திக்கினு இருக்கியே, இன்னா வேண்டுதலா?" என்றாள் அவன் அம்மா அமலோற்பவம். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கை முறத்தில் கொட்டித் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"காத்து அடிக்குதும்மா."

"எங்கடா அடிக்குது? கொல்லையில ஒரு சோளத் தோகை ஆடல."

கல்வராயன் மலைப் பக்கம் மேகம் கட்டியிருந்தது. ஆனால் கீழே கச்சிராயபாளையத்துக்கு இந்தப் பக்கம் புழுக்கம்தான். மக்காச்சோளம் முற்றி நின்றது. மழை வருமா, வராதா என்று ஊரே மலையைப் பார்த்துக்கொண்டிருக்க, மார்ட்டின் மட்டும் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பத்தின் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கிய செம்புக் கம்பி அவன் மனைவி லிடியாவின் ஆன்டெனா. லிடியா கல்லூரியில் படிக்கும்போதே பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தே தூரத்து ஊர்க்காரர்களோடு பேசும் ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கியவள். இப்போது தியாகதுருகத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஊர்க்காரர்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் எடுத்துக் கொடுக்கிறாள். அவர்கள் ஊரில் ரேடியோ என்றால் மார்ட்டினின் மைக் செட்தான். ரேடியோ போட்டி என்று கேள்விப்பட்டதும், "இன்னா பாட்டு போடப் போற மார்ட்டினு?" என்று கேட்டவர்கள் உண்டு. பாட்டு இல்லை, என் பொண்டாட்டி காற்றில் ஆள் பிடிக்கப் போகிறாள் என்று சொன்னால் ஊர் என்ன சொல்லும்? சிரித்துவிட்டு வந்துவிட்டான்.

கல்யாணமான புதிதில் அந்த ரேடியோ பெட்டி கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. லிடியாவும் வீட்டில் அப்படித்தான் இருந்தாள், விருந்துக்கு வந்தவள் மாதிரி. கேட்டால் பதில், போட்டால் சோறு. ஒருநாள் மார்ட்டினாகவே பழைய போர்வெல் குழாய்களை ஒட்டவைத்து இந்தக் கம்பத்தை ஏற்றினான். அதற்கப்புறம்தான் அவள் சத்தமாகச் சிரிப்பதையே அவன் கேட்டான். மாமியாரிடம் சண்டை போட்டாள், கருவாட்டுக் குழம்பு இன்னும் ஒரு கரண்டி வேண்டும் என்று தட்டை நீட்டினாள். கம்பம் போனால் அந்தப் பழைய லிடியா திரும்பி வந்துவிடுவாளோ என்பதுதான் அவன் பயம். அதை அவளிடமும் சொன்னதில்லை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. நிலம் இன்னும் பங்கு பிரிக்காத நிலம். பயிர் வைப்பது அண்ணன் மைக்கேல்ராஜ். கம்பத்தின் இழுகயிறுகளில் ஒன்று சோளக்கொல்லைக்குள் இறங்குகிறது. போன பட்டத்தில் உழும்போது அது டிராக்டர் ரோட்டவேட்டரில் சுற்றிக்கொண்டு, அவர் அரை நாள் மண்ணில் உட்கார்ந்து அறுத்து எடுத்தார். போதாக்குறைக்கு ஊரில் வேறு, "உங்க வூட்ல செல்போன் டவர் வெச்சு மாசாமாசம் பணம் வருதாமே?" என்று அவரை நிறுத்தி நிறுத்தி விசாரித்தார்கள். மனுசனுக்குப் பொறுக்கவில்லை.

மைக்கேல்ராஜ் இளவயதில் கபடி ஆடியவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பெயர் சொன்னால் தெரியும். வீட்டுக் கண்ணாடி அலமாரியில் மாதா படத்துக்கு இரண்டு பக்கமும் அவர் வாங்கிய கேடயங்கள்தான். அவருக்கு எதுவும் கையில் கப்பாக வந்தால்தான் கணக்கு.

"போன வருசம் ரெண்டாவதா வந்தா. ரெண்டாவதா வந்தவன யாரு ஞாபகம் வெச்சிருக்கறான்?" என்று அவர் வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். "இந்த வாட்டி கெலிக்கட்டும், கம்பம் பாட்டுக்கு நிக்கட்டும், நான் வாயத் தொறக்கல. இல்லன்னா சோளம் அறுக்கறதுக்கு முன்னாடி இறக்கிடணும். இன்னா சொல்ற லிடியா?"

"சரிங்க பெரிய மாமா" என்றாள் லிடியா.

ஒன்று சொல்ல வேண்டும், மைக்கேல்ராஜ் நியாயஸ்தர். கிணற்று மோட்டார் ஓடினால் லிடியாவின் காதில் இரைச்சல் விழும் என்று தெரிந்ததும், போட்டி நடக்கிற இரண்டு நாளும் அவரே போய் மோட்டாரை நிறுத்தினார். கத்தரிக்காய்ச் செடி வாடினாலும் பரவாயில்லை என்றார். ஆட்டம் என்றால் ஆட்டம்.

லிடியா உட்கார்ந்திருந்தது அந்த மோட்டார் கொட்டகையில்தான். கிரீஸ் வாசனை, பல்லி, ஒரு மர ஸ்டூல், அதன் மேல் ரேடியோ, பக்கத்தில் லேப்டாப். மார்ட்டினும் கேட்கட்டும் என்று சின்ன ஸ்பீக்கர் ஒன்றையும் போட்டிருந்தாள். ஆட்டத்தின் விதி அவனுக்கு அரைகுறையாகத் தெரியும். லைசென்ஸ் வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் எழுத்தும் எண்ணுமாக ஓர் அழைப்புக்குறி. இவள் அழைப்பாள், எங்கிருந்தோ ஒருவர் தன் குறியைச் சொல்வார். இவள் அதைத் திருப்பிச் சொல்லி, இத்தனையாவது ஆள் நீங்கள் என்று எண் கொடுப்பாள். அவரும் தன் எண்ணைக் கொடுப்பார். எண்ணைக் கேட்டாலே அவர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று தெரிந்துவிடும். போட்டி முடிந்ததும் எல்லோருடைய பதிவும் போட்டிக் குழுவுக்குப் போய், ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்க்கப்படும்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு குரல் வந்தது. கிணற்றுக்கு அடியிலிருந்து பேசுகிறவர் மாதிரி அவ்வளவு சன்னம். குறியின் கடைசி இரண்டு எழுத்துதான் பிடிபட்டது, கே, எல். ரேடியோ பாஷையில் கிலோ, லிமா.

"கிலோ லிமான்னு முடியறவங்க மட்டும் பேசுங்க. மத்தவங்க கொஞ்சம் பொறுங்க" என்றாள் லிடியா.

அதற்குள் இன்னொருவர் காது கிழியும்படி உள்ளே புகுந்தார். பெரிய செட், பெரிய சத்தம். லிடியா அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. "கிலோ லிமா மட்டும்" என்று மறுபடியும் சொன்னாள். அவர் மறுபடியும் புகுந்தார். அவள் மறுபடியும் கிலோ லிமாவைக் கூப்பிட்டாள்.

மார்ட்டினுக்குப் பொறுக்கவில்லை. "கத்தறவரு எண்ண வாங்கிக்கினு அனுப்பேன். நேரம் போவுதில்ல?"

"நான் கூப்ட்டது அவர இல்ல."

"அப்ப இவருக்குக் குத்துமதிப்பா ஒண்ணு போட்டுக்க. எவன் பாக்கப் போறான்?"

"தப்பாப் போட்டா என் கணக்குலயும் போச்சு, அவரு கணக்குலயும் போச்சு. எங்கயோ ஒரு மூலையில சின்ன செட்ட வெச்சுக்கினு மனுசன் தொண்டத் தண்ணி வத்தக் கத்தறாரு. செத்த கம்முனு இருங்க."

நாலு தடவை கேட்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து, முழுக் குறியையும் திருப்பிச் சொன்னாள். "ஆமாங்க! சரிங்க!" என்று அந்தச் சன்னக் குரல் குதித்தது. அதற்கப்புறம் சத்தக்காரரைக் கூப்பிட்டு, காத்திருந்ததுக்கு நன்றி என்று சொல்லி அவருக்கும் எண் கொடுத்தாள். அவரும் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை லிடியா பூசைக்குப் போகவில்லை. அமலோற்பவம் அதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மார்ட்டின் போய், பொண்டாட்டிக்கும் சேர்த்து முழங்கால் போட்டு, கம்பத்துக்காக வேண்டிக்கொண்டு வந்தான். வந்து பார்த்தால் லிடியா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னசேலத்துத் தீனதயாளன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். போன வருஷம் முதலாவதாக வந்தவர் அவர்தான். காலையில் இருவரும் பேசிக்கொண்டபோது அவர் கொடுத்த எண் இவளுடைய எண்ணைவிட ஜாஸ்தி.

கோழிக் குழம்பும் சோறும் கொண்டுபோய் வைத்தான். இடது கையைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே சாப்பிட்டாள். வெயில் ஏற ஏற அலை படுத்துவிட்டது, தூரத்துக் குரல்கள் எட்டவில்லை. அவள் அழைத்தாள், ஸ்பீக்கரில் எண்ணெய் காய்கிற மாதிரி சலசலப்பு மட்டும் வந்தது. மறுபடியும் அழைத்தாள். ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி அவள் தன் குறியைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள். மார்ட்டினால் கேட்க முடியவில்லை. எழுந்து வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அங்கேயும் அந்தக் குரல் கேட்டது.

கம்பம் ஏற்றியபோது சந்தேகம் கேட்பதற்காக லிடியா அவனை ஹாம்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டிருந்தாள். அவன் போனை எடுத்தான். அவள் எந்த அலைவரிசையில் பேசிக்கொண்டிருக்கிறாள் என்ற எண்ணைப் போட்டு, "லிடியா இங்கதான் கூப்டுக்கினு இருக்கா. யாரும் வரல. தயவுபண்ணி ஆளுக்கு ஒரு தடவ பேசுங்க. இது கெலிச்சாதான் எங்க வூட்ல அவ கம்பம் நிக்கும்" என்று தட்டி அனுப்பினான். அனுப்பியதும் மனசு லேசானது. தெருவில் ஒரு பிள்ளை ஓடினால் கைதட்டுவதில்லையா, அது மாதிரிதான் அவனுக்குப் பட்டது.

அவன் டீ போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் கொட்டகை கல்யாண வீடாகிவிட்டது. ஒருவர் பின்னால் ஒருவராக வந்துகொண்டிருந்தார்கள். விழுப்புரம், பண்ருட்டி, ஆத்தூர். லிடியாவின் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. "அல தொறந்துக்கிச்சுங்க!" என்று அவனைப் பார்த்துச் சிரித்தாள். மார்ட்டினும் சிரித்தான். டீயை ஆற்றிக் கொடுத்தான்.

அப்போதுதான் கள்ளக்குறிச்சி அஜித் வந்தார். குறியைச் சொன்னார், எண்ணை வாங்கிக்கொண்டார், போகிற போக்கில் சொன்னார்: "மார்ட்டின் அண்ணன் குரூப்ல போட்டிருந்தாரு, பாத்தேன். சோத்த பாதியில வுட்டுட்டு ஓடியாந்தேன். கம்பம் நிக்கட்டும் சிஸ்டர்!"

லிடியாவின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. ஆனாலும் முறை தவறாமல் அவர் குறியைத் திருப்பிச் சொல்லி, நன்றி சொல்லி அனுப்பினாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னா போட்டீங்க குரூப்ல?"

மார்ட்டின் போனை நீட்டினான். படித்தாள்.

"எதுக்குங்க இப்டிப் பண்ணீங்க?"

"யாருமே வரலியே லிடியா. நீ கத்திக்கினே இருக்க. எனக்கு வவுறு எரிஞ்சுது. எலக்சன்ல நின்னா வூடு வூடாப் போய்க் கேக்கறதில்லியா?"

"இது எலக்சன் இல்லீங்க. என் கொரல் எட்டற எடத்துலருந்துதான் ஆளு வரணும். வேற வழியில ஆள் கூட்டக் கூடாது. நான் கூட்டுனாலும் தப்பு, எனக்காக வேற யாரு கூட்டுனாலும் தப்பு. விதிக்குக் கட்டுப்படறேன்னு கையெழுத்துப் போட்டுட்டு ஒக்காந்திருக்கேன்."

"எனக்குத் தெரியாதே."

"தெரியாது. கேட்டிருக்கலாம் இல்ல?"

"சரி, குரூப்ல இருக்கறவன்லாம் நம்மாளுங்க. எவன் போய்ச் சொல்லப் போறான்?"

அவள் லேப்டாப்பில் பதிவை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அவனும் குனிந்து பார்த்தான். "அப்ப அதுக்கப்பறம் வந்தவங்கள மட்டும் அழிச்சுட்டு அனுப்பிடு. கணக்கு நேராப் போச்சில்ல?"

"அழிச்சா? அஜித்து என்னோட பேசுனதா அவரு பதிவுல எழுதியிருப்பாரு. என் பதிவுல அவரு இருக்க மாட்டாரு. பேசாத ஆளோட பேசுனேன்னு பொய் சொன்னதா அவரு தலையில விடியும், அவரு மார்க்க வெட்டுவாங்க. சோத்த பாதியில வுட்டுட்டு வந்த மனுசன். அவருக்கு நான் பண்ற மரியாத இதானா?"

"அவங்க யாரும் வராமப் போயிருந்தாலும் நீ கெலிச்சிருப்ப."

"தெரியாது. இனிமே அது யாருக்குமே தெரியாது. அதான் நீங்க பண்ண வேல." அவளுடைய குரல் உடைந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஹெட்போனை மாட்டினாள்.

"இன்னும் எதுக்கு லிடியா?"

"கூப்டறவங்களுக்கு நான் வேணுமில்ல? அவங்க போட்டியில இருக்காங்களே."

போட்டி முடியும் வரைக்கும் பேசினாள். முடிகிற நேரத்தில் தீனதயாளன் யாருக்கோ எண் கொடுப்பது காதில் விழுந்தது. அவளுடைய எண் அதைத் தாண்டியிருந்தது. அந்த எண்ணை அவள் இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்கவில்லை. பதிவை அனுப்பும்போது, போட்டிக்கு அல்ல, மற்றவர்கள் பதிவைச் சரிபார்க்க மட்டும் என்ற கட்டத்தைத் தட்டினாள். மார்ட்டின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போலிருந்தது. அதற்கு அவனுக்கு முகமில்லை.

மாலையில் மைக்கேல்ராஜ் மாட்டைக் கட்டிவிட்டு வந்தார். "இன்னா லிடியா, கெலிச்சிட்டியா?"

"இல்லீங்க பெரிய மாமா."

"ரெண்டாவதா?"

"எதுவும் இல்லீங்க."

அவர் கண்ணாடி அலமாரியை ஒரு பார்வை பார்த்தார். "சரி வுடு. உன்னால முடிஞ்சது அவ்ளோதான்" என்றார். மனம் நோகக் கூடாது என்று நல்லபடியாகத்தான் சொன்னார். "அறுப்புக்கு மிசின் சொல்லியிருக்கேன். அதுக்கு முன்னால ஒருநாள் இறக்கிடலாம்."

லிடியா தலையை ஆட்டினாள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று மார்ட்டின் வாயைத் திறந்தான். அண்ணன் அவனைத் திரும்பிப் பார்த்தார். அப்பா போனதிலிருந்து அவனை வளர்த்த அண்ணன். வாய் தானாக மூடிக்கொண்டது.

அந்த வாரம் அவனுக்கு நரகம். கேட்டால் பதில், போட்டால் சோறு. கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை. பகண்டைக்கூட்டுரோட்டில் ஒரு காதுகுத்துக்கு மைக் செட் கட்டப் போனவன், ஒயரை மாற்றிக் குத்திப் பெட்டியைப் புகைய வைத்துவிட்டு வந்தான்.

கம்பம் இறக்குகிற அன்று காலை மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. அடியில் கீல் வைத்த கம்பம் அது. நாலு பேர் சேர்ந்துதான் சாய்க்க முடியும். மைக்கேல்ராஜ் பின்பக்க வடத்தைப் பிடித்துக்கொண்டார். பக்கவாட்டுக் கயிறுகளில் ஒன்றை லிடியாவும் இன்னொன்றைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அமலோற்பவமும் பிடித்தார்கள். மார்ட்டின் கம்பத்துக்கு அடியில் நின்று தோளில் தாங்கினான். மைக்கேல்ராஜ் வடத்தைப் பிடிப்பிடியாக விட, கம்பம் மெல்லச் சாய்ந்தது. பாதி வந்திருக்கும்.

"ண்ணா, நிறுத்து" என்றான் மார்ட்டின்.

"இன்னாடா, கயிறு சிக்கிக்கிச்சா?"

"இல்ல. அவ தோக்கலண்ணா. நான்தான் தோக்கடிச்சேன்."

"டேய், பேசற நேரமாடா இது? கைய வுட்டா உன் தல போய்டும்."

"கைய வுட முடியாதில்ல, அதனாலதான் இப்ப சொல்றேன். கை சும்மா இருந்தா நீ எழுந்து போய்டுவ. நானும் ஓடிப்போய்டுவேன்."

தோளில் இரும்பு அழுத்த அழுத்த, மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றது, குரூப்பில் போட்டது, அஜித் சொன்னது, அழித்துவிடு என்று தான் சொன்னது, அவள் மாட்டேன் என்றது. லிடியா தரையைப் பார்த்தபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மைக்கேல்ராஜ் இரண்டு காலையும் மண்ணில் ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"யாராச்சும் கண்டுபுடிச்சாங்களா லிடியா?"

"இல்லீங்க பெரிய மாமா."

"நீயாத்தான் வெளிய வந்தியா?"

"ஆமாங்க."

"உன் நம்பரு மேல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

மைக்கேல்ராஜ் வடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "கபடியில மேல கை பட்டவன், அம்பயரு பாக்கலன்னா கோட்டுக்குள்ளயே கம்முனு நிப்பான்" என்றார். "நானும் நின்னிருக்கேன்."

"யப்பா, கத பேசறத கீழ எறக்கி வெச்சுட்டுப் பேசுங்கடா. எனக்குக் கை அறுக்குது" என்று கத்தினாள் அமலோற்பவம்.

"டேய் மார்ட்டினு, தூக்குடா. ஏத்திடலாம்" என்றார் மைக்கேல்ராஜ்.

"வேணாங்க பெரிய மாமா. இறக்குங்க."

"ஏம்மா? அதான் வெசயம் தெரிஞ்சுபோச்சே."

"கெலிச்சா நிக்கும்னு பேச்சு. நான் சரின்னேன். நான் கெலிக்கல" என்றாள் லிடியா. "நாளைக்கு மறுபடியும் கயிறு ரோட்டவேட்டர்ல சுத்திக்கும், உங்களுக்குக் கோவம் வரும். பாவம்னு நிக்க வெச்ச கம்பத்துல எனக்குப் பேச வராது. இறக்குங்க."

மைக்கேல்ராஜ் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு வடத்தை விட்டார், பிடிப்பிடியாக. கம்பம் களத்து மண்ணில் படுத்தது. மார்ட்டின் தோளைத் தேய்த்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டான். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழவும் செய்தான்.

மைக்கேல்ராஜ் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். கொல்லையைத் தாண்டிப் பார்த்தார். அங்கே ஆடுகூட மேயாத மொட்டைப் பாறை மேடு ஒன்று மலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

"உனக்கு இந்தக் களந்தான் வேணுமா, இல்ல ஒசரம் இருந்தா போதுமா?"

"ஒசரந்தாங்க வேணும். பக்கத்துல கரண்டுக் கம்பி இருக்கக் கூடாது."

"அந்தப் பாறையில எள்ளுகூட மொளைக்காது. ஏரு போவாது. எனக்கு அது எதுக்கு?" என்றார். "பாவம்லாம் இல்ல, தெரிஞ்சுக்க." கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தார். கொஞ்ச நேரத்தில் பாறையில் இரும்பு மோதுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது. தூறலும் விழுந்தது.

மார்ட்டின் லிடியாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வாரமாக அவனிடம் தானாக ஒரு வார்த்தை பேசாதவள், கயிற்றைச் சுருட்டி அவன் மடியில் போட்டாள்.

"ஒக்காந்துக்கினு இருக்கீங்களே, பெரிய மாமா ஒண்டியா இடிச்சிக்கினு இருக்காரு. எழுந்து வாங்க" என்றாள். ரெண்டடி நடந்தவள் திரும்பிப் பார்த்தாள். "உங்க போன மொதல்ல அத்தகிட்ட குடுத்துட்டு வாங்க."